டீக்கடையில் வந்ததும் வலிப்புதான்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் நாமக்கல் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 38 வயது. 16 வருஷமாக லாரி ஓட்டுகிறார். போன வருஷம் பைக்கில் வரும்போது கார் மோதி தலையில் அடிபட்டது. ஹெல்மெட் போடவில்லை. இரண்டு நாள் நினைவே இல்லை. ஆபரேஷன் செய்து மூளைக்கு மேலே இருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். வலிப்பு வராமல் இருக்க என்று ஒரு மாத்திரை கொடுத்து, மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தார். எட்டாவது மாதம் விடியற்காலையில் தூக்கத்தில் கைகால் வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். அதிலிருந்து லெவெடிராசெட்டம் 500 காலை ஒன்று, இரவு ஒன்று சாப்பிடுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்தபடி வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றாராம். வாயை மென்றுகொண்டிருந்தார், டீ சட்டையில் கொட்டியது, கூப்பிட்டால் பதில் இல்லை என்று என் பையன் சொல்கிறான். இவரோ ‘ஏதோ யோசனையில் இருந்தேன்’ என்கிறார். லாரி ஓட்டக்கூடாது என்று இங்கே டாக்டர் சீட்டிலேயே எழுதிவிட்டார். ஹெவி லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. ‘மெடிக்கல் சர்ட்டிபிகேட்டை ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார், வலிப்பைப் பற்றி வாயே திறக்காதீங்க’ என்கிறார் என் கொழுந்தனார். லாரி ஓனரும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். மாத்திரையை நிறுத்தியதால்தான் இப்படி ஆனதா? ஆறு மாதம் வலிப்பு வராமல் இருந்தால் ஓட்டலாமா? லாரி வேண்டாம், குட்டி யானையாவது ஓட்டலாமா? அப்புறம், அதட்டிக்கூடப் பேசாத மனுஷன் இப்போது சின்ன விஷயத்துக்கெல்லாம் தட்டைத் தூக்கி எறிகிறார். அதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்:

அம்மா, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் இனி லாரி ஓட்டக்கூடாது. ஆறு மாதம் கழித்தும் கூடாது, ஒரு வருஷம் கழித்தும் கூடாது. இதைக் கடிதத்தில் படிக்க எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் எங்களைப் போன்ற நரம்பியல் மருத்துவர்கள் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இழுப்பதில்தான் பல டிரைவர் குடும்பங்கள் வேறு வேலையும் தேடாமல், பழைய வேலைக்கும் போக முடியாமல், ஆறு ஆறு மாதமாகக் கடனில் மூழ்குகின்றன. அதைவிட உடைத்துச் சொல்லிவிடுவது நல்லது.

நீங்கள் கடிதத்தில் ஒரு வலிப்பு வந்தது என்பதுபோல எழுதி, டீக்கடை விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த டீக்கடைதான் முக்கியம். விடியற்காலையில் வந்தது எல்லோருக்கும் தெரிந்த வலிப்பு: உடம்பு விறைத்து, இழுத்து, வாயில் நுரை தள்ளி. டீக்கடையில் வந்ததும் வலிப்புதான். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் கிளம்புகிற வலிப்பு. கண் திறந்திருக்கும், ஆள் நின்றுகொண்டே இருப்பார், வாய் மெல்லும், கை சட்டையையோ எதையோ தடவிக்கொண்டிருக்கும், உள்ளே ஆள் இருக்கமாட்டார். அரை நிமிஷம், ஒரு நிமிஷம், சில சமயம் இரண்டு நிமிஷம். அப்புறம் கொஞ்சம் குழம்பி, பழையபடி பேச ஆரம்பித்துவிடுவார். கீழே விழாததால் யாரும் அதை வலிப்பு என்று நினைப்பதில்லை. ‘யோசனையில் இருந்தேன்’ என்று அவர் சொல்வது பொய்யில்லை. அந்த நேரம் அவருடைய நினைவில் பதிவாகவே இல்லை. நடுவில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது அதேபோல் ஒரு நாற்பது நொடியை லாரியில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். நாற்பது நொடியில் 660 மீட்டர். அடிக்கடி விபத்து நடக்கும் தொப்பூர் மலை இறக்கத்தில் லோடு ஏற்றிய வண்டி, ஸ்டியரிங்கில் கை இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, ஓட்டுவதற்கு மட்டும் ஆள் இல்லை. நாமக்கல்காரர்களுக்குத் தொப்பூரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ‘வருவதற்கு முன் தெரியும், ஓரம் கட்டிவிடுவேன்’ என்று சில டிரைவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு முன்னறிகுறி உண்டுதான்: வயிற்றிலிருந்து எதோ ஏறுவது போல, காரணமில்லாத பயம், ஏதோ ஒரு வாடை. பத்து முறை வந்த அறிகுறி பதினோராவது முறை வராமல் போகலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு டீக்கடையில் அப்படி எதுவும் தெரிந்ததாகவே தெரியவில்லை.

அடுத்து, உங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. மாத்திரையை மூன்று மாதத்தில் நிறுத்தியதால் வலிப்பு வந்ததா? இல்லை. நீங்களும் தப்புச் செய்யவில்லை, நிறுத்தச் சொன்ன டாக்டரும் தப்புச் செய்யவில்லை. இதை அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். பலமாகத் தலையில் அடிபட்ட 404 பேரில் பாதிப் பேருக்கு ஃபெனிடோயின் என்ற வலிப்பு மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, ஒரு வருஷத்துக்கு. 1990-ல் முடிவு வந்தது. முதல் ஒரு வாரத்தில் வரும் வலிப்பை மருந்து நன்றாகவே தடுத்தது. அதற்குப் பிறகு வரும் வலிப்பில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அதனால்தான் உலகம் முழுக்க அந்த மாத்திரையைச் சில நாட்களிலோ வாரங்களிலோ நிறுத்துகிறோம். மூன்று மாதம் கொடுத்ததே கொஞ்சம் தாராளம்தான்.

அப்படியானால் எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு ஏன் வந்தது? அடிபட்ட அன்று மண்டைக்குள் மூளை முன்னும் பின்னும் மோதுகிறது. நெற்றிக்கும் காதோரப் பொட்டுக்கும் பின்னால் இருக்கும் பகுதிகள், மண்டையோட்டின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் இடங்களில் உரசிக் கன்றிப்போகின்றன. கசிந்த ரத்தம் கரைந்த பிறகும் அதிலுள்ள இரும்பு அங்கேயே தங்கி நரம்புகளை உறுத்திக்கொண்டிருக்கும். காயம் ஆறித் தழும்பாகும். தழும்பைச் சுற்றியுள்ள நரம்புகள் தங்களுக்குள் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்ளும். அந்தப் புது ஒயரிங் சரியாக இருப்பதில்லை. இதெல்லாம் நடக்க மாதக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்குகூட ஆகும். வெளியே ஆள் நன்றாக இருப்பார். அடிபட்ட ஒரு வாரத்துக்குள் வரும் வலிப்பு அப்போதைய வீக்கத்தின் விளைவு, பலருக்கு அதோடு போய்விடும். ஒரு வாரம் தாண்டி வருவது அப்படி இல்லை. ஒரு தடவை வந்தாலே மறுபடி வர வாய்ப்பு மிக அதிகம், அதனால் அதை வலிப்பு நோய் என்றே எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்குகிறோம்.

தலையில் அடிபட்ட எல்லோருக்கும் இது வருமா என்றால், வராது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் அடிபட்ட 4,500-க்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து 1998-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். லேசான அடி என்றால் ஐந்து வருஷத்தில் வலிப்பு வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ரத்தக்கட்டி, மூளைக் கன்றல், ஒரு நாளுக்கு மேல் நினைவிழப்பு போன்ற பலத்த அடியென்றால் நூற்றுக்குப் பத்துப் பேர். உங்கள் வீட்டுக்காரர் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்தவர். (ஹெல்மெட்டைப் பற்றி இனிமேல் அவரிடம் பேசி என்ன ஆகப் போகிறது. பையனிடம் பேசுங்கள்.)

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வெளிநாடுகளில் காருக்கும் பைக்கிற்கும் இப்படி மாதக் கணக்கு உண்டு. உதாரணமாக பிரிட்டனில் வலிப்பு நோய் உள்ளவர், பொதுவாக ஒரு வருஷம் வலிப்பே இல்லாமல் இருந்தால் சொந்தக் கார் ஓட்டலாம். அதே நாட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்ன விதி தெரியுமா? பத்து வருஷம் வலிப்பு வந்திருக்கக்கூடாது, அந்தப் பத்து வருஷமும் வலிப்பு மாத்திரை சாப்பிட்டிருக்கவும் கூடாது. மூளையில் தழும்பு உள்ள ஒருவருக்கு இது நடைமுறையில் கிட்டாத விஷயம். லாரி டிரைவர் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ரோட்டில் இருக்கிறார், ராத்திரி தூங்குவதில்லை. தூக்கம் கெடுவதைப் போல வலிப்பைக் கூப்பிட்டு வரவழைக்கும் விஷயம் வேறில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் மாதக் கணக்கே கிடையாது. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு தரும் படிவம் 1-ல், உடல்தகுதி பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே ‘வலிப்பு நோயோ, திடீர் மயக்கமோ, தலைசுற்றலோ உண்டா’ என்பதுதான். லாரி, பஸ், டாக்சி போன்ற வண்டிகளுக்கு இதோடு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ வேண்டும். நோயால் பொதுமக்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் லைசென்ஸ் தர மறுக்கலாம், கொடுத்ததை மோட்டார் வாகனச் சட்டம் 16-வது பிரிவின்படி ரத்தும் செய்யலாம். பத்து வருஷமாக வலிப்பே வராமல், ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட நினைக்கும் ஒருவரையும், போன மாதம் வலிப்பு வந்தவரையும் இந்தச் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் லாரி விஷயத்தில் சட்டம் சரியாகத்தான் இருக்கிறது.

குட்டி யானை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டியை ஓட்ட சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று உறுதிப்படுத்தியது. அதைக் கேள்விப்பட்டுத்தான் யாரோ உங்களுக்கு இந்த யோசனையைச் சொல்லியிருக்க வேண்டும். தீர்ப்பு பேசியது லைசென்ஸ் வகையைப் பற்றி. வண்டி சின்னது என்பது வலிப்புக்குத் தெரியாது. சந்தைக்கடை வாசலில் குட்டி யானை ஏறினாலும் ஆள் சாவார்கள். குட்டி யானையும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம், இப்போதைக்கு பைக்கும் வேண்டாம். விழித்திருக்கும்போதோ தூக்கத்திலோ ஒரு வலிப்புகூட இல்லாமல் முழுசாக ஒரு வருஷம் போனால், பைக் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசலாம். அப்போதும் ஆர்டிஓ ஆபீஸில் உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் கேட்க வேண்டும்.

கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அண்ணன் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்று. ஆனால் அவர் தனக்கே ஒரு வம்பை விலைக்கு வாங்குகிறார். தனக்கு ஆபத்தான நோய் இருப்பது தெரிந்தே வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 186-வது பிரிவின்படி குற்றம். அதற்குத் துணை போவது 188-வது பிரிவின்படி அதே தண்டனைக்குரிய குற்றம். விஷயம் தெரிந்து வண்டியைக் கொடுத்தால் ஓனரும் இதில் சிக்கலாம். முதல் தடவை அபராதம் 1,000 ரூபாய் வரைதான், சிரிப்பு வருகிற தொகை. யாராவது இறந்துவிட்டால் நிலைமை வேறு. கவனக்குறைவால் மரணம் என்றாலே ஐந்து வருஷம் வரை சிறை. டாக்டர் ஓட்டாதே என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், மறைத்து லைசென்ஸ் வாங்கினார் என்பது கோர்ட்டில் வெளியே வந்தால் அதைவிடக் கனமான பிரிவுக்கும் போகலாம். இன்சூரன்ஸ் கம்பெனியும் அந்தச் சீட்டைத்தான் முதலில் தேடும்.

லைசென்ஸ் முடிவதைப் பார்த்துப் பதற வேண்டாம். முடியட்டும். முடிந்த பிறகும் ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்டாமலே புதுப்பிக்க இடமுண்டு. அது தெரிந்தால் அவர் மனசு கொஞ்சம் ஆறும் என்பதால் சொல்கிறேன், அவசரப்பட்டு ஏஜெண்டிடம் போகாமல் இருப்பதற்காக.

சரி, அடுப்பு எரிவது எப்படி? கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் கேட்க வேண்டும். கார் மோதியது என்றீர்களே, இழப்பீட்டு வழக்கு போட்டீர்களா? விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலிலிருந்து விதி. போட்டிருந்தால், வலிப்பு வந்ததை இந்த வாரமே வக்கீலிடம் சொல்லுங்கள். வழக்குப் போடும்போது வலிப்பு இல்லை, அதனால் மனுவிலும் இருக்காது. 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஊனம் எத்தனை சதவீதம் என்பது வேறு, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு. ஒரு கை போனால் அரசு ஆபீஸ் கிளார்க்குக்கு வேலை போகாமல் இருக்கலாம், டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட நூறு சதவீதமும் போய்விடலாம் என்று உதாரணமே கொடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் நிலைமையும் அதுதான். கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, தொழில் போய்விட்டது. சிகிச்சை பெற்ற டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன், ஓட்டக்கூடாது என்று எழுதிய சீட்டு, ஹெவி லைசென்ஸ் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். எந்தச் சீட்டை மறைக்கச் சொன்னார்களோ, அந்தச் சீட்டுதான் உங்களுக்குப் பணம். மனு போடாமல் விட்டிருந்தாலும் ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள், நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் அவர் பதிந்திருந்தால், விபத்து உதவித்தொகை பற்றி மாவட்டத் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேலை என்றால், ஓனர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். இவர் மேல் மதிப்பில்லாமல் கூப்பிடமாட்டார். உண்மையைச் சொல்லி, லாரி செட்டில் புக்கிங் வேலை இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். எந்த ஊருக்கு எவ்வளவு வாடகை, எந்த செக்போஸ்ட்டில் என்ன பேப்பர், எந்த டிரைவரை நம்பலாம், எவரை நம்பக்கூடாது என்பதெல்லாம் 16 வருஷம் ரோட்டில் இருந்தவருக்குத்தான் தெரியும். எடை மேடை, ஸ்பேர்பார்ட்ஸ் கடை இவையும் சரிப்படும். கிளீனராகப் போகிறேன் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். ராத்திரி கண் விழிப்பதும், தார்ப்பாய் கட்ட லோடு மேல் ஏறுவதும் அவருக்கு ஆகாது. பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங், ஏணி வேலையும் அப்படித்தான். கிணற்றில் குளிப்பதும் தனியாகக் கூடாது.

கோபத்துக்கு வருகிறேன். இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைதான் நம் கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக், அங்கே அடிபட்டால் பிரேக் தளரும். இன்னொன்று, லெவெடிராசெட்டம் மாத்திரையே சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் அதிகமானதா என்று நாள் கணக்குப் போட்டுப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. ஆனால் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விட்டு விட்டு வந்த வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வரும் அபாயம் உண்டு. மாத்திரை சாப்பிடும்போதே டீக்கடையில் வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஒருவேளை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். தொழில் போன ஆணுக்கு மனச்சோர்வும் கோபமாகத்தான் வெளியே வரும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். குடி இருந்தால் நிற்க வேண்டும், இதில் பேரம் இல்லை.

மறுபடி இழுத்தால் கையில் சாவிக்கொத்தோ இரும்போ வைக்க வேண்டாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நிற்கும், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ 108.

ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுத்தால் அது எனக்கு, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இஇஜி சோதனையைவிடப் பயன்படும். இஇஜி சரியாக இருந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு தடவை எடுத்ததில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். அந்த வீடியோவை அவரும் பார்க்கட்டும். ஓட்டாதே என்று நாம் பத்துப் பேர் சொல்வதும், தன் முகத்தைத் தானே அப்படிப் பார்ப்பதும் வேறு வேறு. அதுவரை, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பையனையும் கூட்டிப் போங்கள். டீக்கடையில் பார்த்தவன் அவன்தான்.